கழுத்து வலி, இடுப்பு வலி: பிசியோதெரபியா, கைரோபிராக்டிக்கா?

இழையைத் தொடங்கிய கேள்வி – ஓசூர் வாசகர், 2 மார்ச் 2025

எனக்கு வயது 34. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளைப் பொருத்தும் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு மாதமாகக் கழுத்தின் வலப்பக்கம் வலிக்கிறது. தோள்பட்டை வரை இறங்குகிறது. பெங்களூருவில், முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் திருப்பிச் சொடுக்கும் கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போனால் ஒரே முறையில் எலும்பை நிமிர்த்திவிடுவார்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரியில் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பதினைந்து நாள் வரச் சொல்கிறார். எங்கே போவது?

3 மார்ச் 2025, காலை

பிசியோதெரபிக்கே போங்கள், தம்பி. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் அலைந்தவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பதினொரு புளிய மரங்களும் கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. 2022 பிப்ரவரியில் புளி மூட்டை ஒன்றைத் திண்ணையிலிருந்து டெம்போவில் ஏற்றும்போது இடுப்பில் ஏதோ அறுந்தது போல் இருந்தது. மறுநாள் காலையில் வலி இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை ஓடியது. ஐந்தாவது இடுப்பெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் இடையே ஜவ்வு (டிஸ்க்) விலகியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. பதினைந்து நாள் என்பதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். நான்கு மாதம் ஒரு பக்கமாக இழுத்துப் பழகிய தசை ஒரு மாலையில் வேறு பழக்கத்துக்கு வந்துவிடாது.

3 மார்ச் 2025, இரவு

முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் காலையில் விட்டுவிட்டேன். கை மரத்துப்போகிறதா? சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுகின்றனவா? வேலையில் கையில் எடுத்த நட்டு நழுவி விழுகிறதா? நடக்கும்போது கால் பின்னுகிறதா? காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ, படுத்தாலும் தணியாத இரவு வலியோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு இடங்களுக்கும் போவதற்கு முன் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். இடுப்பு வலியோடு இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்த இரவே அங்கே போக வேண்டும்.

5 மார்ச் 2025

"உங்களுக்கு எதனால் குணமானது என்று எழுதவில்லையே" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கப்படி வாய்வுப் பிடிப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியம்மாவை அழைத்து வந்தார்கள். அவர் மிகுந்த அன்போடுதான் என் இடுப்பில் கால் வைத்தார். அன்று இரவு என்னால் புரண்டு படுக்க முடியவில்லை.

அடுத்து நகரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையம். பன்னிரண்டு நாள் சென்றேன். சூட்டு ஒத்தடம் இருபது நிமிடம், கரண்ட் வைப்பது பதினைந்து நிமிடம், இடுப்பில் பட்டையைக் கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் பதினைந்து நிமிடம். திரைக்குப் பின்னால் படுத்திருப்பேன். மணி அடித்ததும் ஒருவர் வந்து கருவியைக் கழற்றுவார். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட என்னைக் குனியச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதல் அரை மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா, இருமினால் காலுக்குப் பாய்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினார்; பாதி உயரத்துக்கு முன்பே வலி கெண்டைக்கால் வரை வெட்டியது. இடது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். நான்கு முறைக்கு மேல் முடியவில்லை, வலது காலில் இருபது முறை முடிந்தது. சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைத் தட்டினார். இடது பாதம் அசையவே இல்லை. எந்த நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் அவர் அறிந்துகொண்டார்.

அதன்பின் குப்புறப் படுக்கச் சொன்னார். ரெக்சின் விரித்த கட்டிலில் முழங்கைகளை ஊன்றி இரண்டு நிமிடம். பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைக் கட்டிலிலேயே விட்டு, மார்பை மட்டும் உயர்த்திப் பத்து முறை. ஒவ்வொரு பத்துக்கும் பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், வலி இப்ப எங்க இருக்கு?" முதலில் கெண்டைக்காலில் இருந்தது. இரண்டாம் முறை முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றது. நான்காம் முறை பிட்டத்தில் மட்டும், முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. கூர்மையானதும் நான் பயந்தேன். "மேலே ஏறினால் நல்லது, அங்கே கூடினாலும் கவலைப்படாதீர்கள், கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து என்பது கணக்கு. ஆசிரியர் அறையில் பாயை விரித்துச் செய்தேன். ஆறு வாரத்தில் மறுபடியும் வண்டி ஓட்டினேன்.

இந்த முறையின் பிறப்பை அவரே சொன்னார். 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு நோயாளியைக் கவனிக்கப் போயிருக்கிறார். முன்பு படுத்தவருக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்தது. வந்தவர் அப்படியே முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் படுத்துக் கிடந்தார். மெக்கன்சி பதறித் திரும்பியபோது, வாரக்கணக்கில் காலில் இருந்த வலி போய்விட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

6 மார்ச் 2025

"கைரோபிராக்டர் என்றால் படிக்காத சுளுக்கு வைத்தியர்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் பிசியோதெரபியின் பக்கம் நிற்பவன். ஆயினும் அது சரியன்று. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது அது. தன் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் சொன்னார். காதின் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதில்லை. ஆகவே அந்தத் தொடக்கக் கதையை நான் ஏற்கவில்லை. ஆனால் இன்று அமெரிக்காவில் அது பல ஆண்டுப் படிப்பும் உரிமமும் உள்ள தொழில். இங்கிலாந்தில் 1994-இல் அதற்கெனச் சட்டமே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டி முழுப் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்கிறது.

சிக்கல் நம் நாட்டில்தான் இருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பிசியோதெரபி இருக்கிறது, கைரோபிராக்டிக் இல்லை. பிசியோதெரபிஸ்ட் என்றால் பயிற்சிக் காலம் உட்பட நாலு ஆண்டுக்கு மேல் படித்த பட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். கைரோபிராக்டர் என்ற பலகைக்குப் பின்னால் வெளிநாட்டில் முறையாகப் படித்தவரும் இருக்கலாம், இரண்டு வார வகுப்புக்குப் போனவரும் இருக்கலாம். பிரித்துச் சொல்லும் பதிவேடு நம்மிடம் இல்லை. ஆகையால் எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு என்று நாமே வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

9 மார்ச் 2025

கழுத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நான் இடுப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மைத்துனரின் கதைதான் இவருக்குப் பொருந்தும்.

அவர் காவேரிப்பட்டினத்திலிருந்து மாங்கூழ் ஆலைகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுபவர். 2023 பருவம் முடிந்ததும் கழுத்து பிடித்துக்கொண்டது, நடுவிரல் சுணைத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர்தானே என்று அங்கே ஒரு கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்து, அதன்மேல் சிவப்புக் கோடுகள் போட்டு, கழுத்தின் வளைவு போய்விட்டது என்றும், 24 முறை வர வேண்டும், பணத்தை முன்கூட்டியே கட்டினால் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். அன்றே தலையை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடுக்கினார்கள். வெளியே வந்ததும் என்னிடம் போனில் பேசினார்: "மச்சான், கழுத்து பஞ்சு மாதிரி ஆயிடுச்சு." இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் கியர் மாற்றும் கையைவிட மற்றக் கை கனத்தது; ஆறு முறை போன பிறகு வலது கையை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை.

அதே நகரத்தில் வேறொரு கைரோபிராக்டரிடம் போனார், அவர் வெளிநாட்டில் படித்தவர். நாற்பது நிமிடம் சோதித்தார். முழங்கையை நீட்டித் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில் பலம் குறைந்திருக்கிறது, இன்று நான் கழுத்தைத் தொட மாட்டேன், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, பார்த்த கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகளுக்கிடையில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவரை நினைத்தால் 3-ஆம் தேதி நான் எழுதிய முதல் வரி அவசரப்பட்டு எழுதியது என்று தோன்றுகிறது.

10 மார்ச் 2025

சொடுக்கும்போது வரும் சத்தம் பற்றி: அது எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அன்று. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் சட்டென்று அழுத்தம் குறையும்போது வாயுக் குழிவு ஒன்று உண்டாவதை, விரல் மூட்டுகளைச் சொடுக்கவைத்து ஸ்கேனில் படமெடுத்தே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டினார்கள். சொடுக்கியதும் தசை சிறிது நேரம் தளர்கிறது, வலி குறைகிறது. அது உண்மையான சுகம்தான். எலும்பு நிமிர்ந்ததற்கு அது சான்றாகாது.

16 மார்ச் 2025

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார்: "கைரோபிராக்டிக்கில் சொடுக்குகிறார்கள் என்கிறீர்கள், உங்கள் பிசியோதெரபியில் கரண்ட் வைத்துக் காசு வாங்குகிறார்களே, அது மட்டும் சிகிச்சையா?" ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது நியாயம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்குத் தன் வலியைப் புரியவைப்பதையும், முறைப்படுத்திய உடற்பயிற்சியையும் அது பரிந்துரைக்கிறது. டிராக்‌ஷன், ஒலியலை வைக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் என்ற கரண்ட் வைப்பு, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதாவது, பன்னிரண்டு நாள் எனக்குச் செய்ததில் பாதிக்கு மேல் வேண்டாதவற்றின் பட்டியலில் இருக்கிறது. முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையோ, சில வரையறைகளோடு, பயன்படுத்தத் தக்கவற்றின் பக்கம் இருக்கிறது. கையால் அசைப்பது கைரோபிராக்டருக்கு மட்டும் உரியதும் அன்று. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளும் செய்கிறார்கள்.

ஆகவே 3-ஆம் தேதிப் பதிலைத் திருத்துகிறேன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொண்டு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கக் கூடாது. தொடுவதற்கு முன் சோதிக்கிறாரா, திரும்பி வரும்போது வீட்டில் செய்வதற்கு உங்கள் கையில் ஏதாவது கொடுத்தனுப்புகிறாரா என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்படிப் பார்த்தாலும் நம் மாவட்டங்களில் தகுதியை உறுதிசெய்துகொள்ளவும், வலி கூடினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரவும் முடிவது பிசியோதெரபிஸ்டிடம்தான் என்பதால், தொடங்கும் இடம் அதுவே என்ற கருத்தில் மாற்றமில்லை.

கழுத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேலே சொன்ன வழிகாட்டி இடுப்புக்கு மட்டுமானது. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்கு இரத்தக் குழாய் ஏறுகிறது. வேகமாகத் திருப்பிச் சொடுக்கிய பின் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய குழாயே வலியை உண்டாக்கி அவர்களை அங்கே போகவைத்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அரிதானதுதான், ஆனால் 34 வயதில் பயிற்சியால் சரியாகக்கூடிய வலிக்கு அந்த அபாயத்தை ஏற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

23 மார்ச் 2025

முக்கியமான திருத்தம், குப்புறப் படுக்கும் பயிற்சியைச் செய்து பார்க்கும் எல்லோரும் படிக்க வேண்டும். 5-ஆம் தேதி நான் எழுதியதைப் பார்த்துவிட்டு அரூரிலிருந்து ஒரு பெண் தன் 68 வயதுத் தந்தைக்கு அதைச் செய்யவைத்திருக்கிறார். இரண்டு நாளில் அவருக்கு இரண்டு கால்களிலும் வலி கூடிவிட்டது. அவர் எழுதியதில் ஒரு வரி என்னை உலுக்கியது: "அப்பாவுக்கு வெறுமனே நடந்தால் கால் கனத்துப்போகும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் வலிக்காது." சைக்கிளைத் தள்ளும்போது உடல் முன்னோக்கிச் சாய்கிறது. தண்டுவடக் கால்வாய் குறுகிய முதியவர்களுக்கு முன்னால் சாய்ந்தால்தான் இடம் கிடைக்கும். பின்னால் வளைந்தால் இன்னும் நெருக்கும். என் முதுகுக்குப் பொருந்திய பயிற்சி அவர் முதுகுக்கு நேர் எதிரானது. அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள், இப்போது குறைந்திருக்கிறது. எனக்கு எழுதிக்கொடுத்ததை யாரும் தமக்கென எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6 ஏப்ரல் 2025

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருந்தால் மனம் உடைந்துபோகிறவர்களுக்காக இது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வொன்றில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் காணப்பட்டது. தலைமுடி நரைப்பது போன்றதுதான் பெரும்பாலான தேய்மானம். என் மைத்துனரின் படத்தில் போட்ட சிவப்புக் கோடுகளை நினைக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிதுங்கிய ஜவ்வு பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குகிறது. என் ஆறு வாரத்தில் எவ்வளவு பயிற்சியின் பயன், எவ்வளவு காலத்தின் பயன் என்று என்னால் பிரிக்க முடியாது. பயிற்சி இல்லாவிட்டால் அந்த ஆறு வாரத்தைப் பயத்தோடு கட்டிலில் கழித்திருப்பேன் என்பது மட்டும் உறுதி.

20 ஏப்ரல் 2025

அடிபட்ட காயத்துக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: எலும்பு முறிந்திருந்தால் கைரோபிராக்டிக் என்ற பேச்சே கிடையாது. என் தாயார் 71 வயதில் களத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்துப் பகுதியை முறித்துக்கொண்டார். ஆந்திராவின் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வரலாம் என்று உறவினர்கள் வண்டியே பிடித்துவிட்டார்கள். அந்த இடத்து முறிவு கட்டினால் சேர்வது அரிது என்பதால் அறுவைச் சிகிச்சைக்கே சேர்த்தோம். வீட்டுக்கு வந்தபின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி என்பது அதன் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவுசெய்வார்கள், கட்டணமில்லை.

அந்தப் பெண் கொண்டுவந்த கருவி எதுவும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, "இதை அழுத்துங்க பாட்டி, அஞ்சு எண்ணுற வரைக்கும்" என்றார். முதல் நாள் தொடைத் தசை அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போனார். இப்போது தரையில் காலை நீட்டி உட்கார்ந்து புளி தட்டுவதை மட்டும் விட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்.

ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். உடல் அசதிக்குச் சுகமாக இருக்கும், நானும் செய்துகொண்டிருக்கிறேன். காலில் நரம்பு வலி இருப்பவர் பாறையில் படுத்து முதுகைக் குத்த விட வேண்டாம்.

8 ஜூன் 2025

இழையைத் தொடங்கிய தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. கிருஷ்ணகிரி பிசியோதெரபிஸ்டிடமே போயிருக்கிறார். இரண்டாம் நாள் அந்த அம்மையார், வேலையிடத்தில் எப்படி நிற்கிறீர்கள் என்று நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். திருகு பூட்டும் கருவி தலைக்கு மேல் தொங்குவதும், இவர் ஒரு ஷிப்டு முழுவதும் வலது தோளைக் காதுவரை உயர்த்தி அதை இழுப்பதும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கருவியை ஒரு சாண் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். கரண்ட் வைத்தது முதல் மூன்று நாள் மட்டுமே. மற்ற நாட்களில் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி. இப்போது தோளுக்கு வலி இறங்குவதில்லை, கழுத்தில் மட்டும் காலையில் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்.

எனக்கு மாங்காய் பறிப்பு முடிகிற வாரம் இது. மாங்காய்க் கிரேடுப் பெட்டிகளைத் தூக்கியதில் முந்தாநாள் இடது பிட்டத்தில் பழைய வலி தலைகாட்டியது. தோப்பிலேயே தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுத்துப் பத்துப் பத்தாகச் செய்தேன், கெண்டைக்காலுக்கு இறங்கவில்லை. நேற்று கிரேடு தூக்க ஆள் வைத்துக்கொண்டேன்.

9 ஜூன் 2025

"இன்னும் எத்தனை நாள் போக வேண்டும், எப்போது நிறுத்தலாம்?" என்ற உங்கள் கேள்விக்கு நான் நாள் சொல்லக் கூடாது, தம்பி. முதல் நாள் உங்கள் கழுத்து வலப்பக்கம் எவ்வளவு திரும்பியது, வலக்கையின் பிடி எவ்வளவு இருந்தது என்று அளந்து எழுதியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளை எடுத்து, அதே போல் உட்காரவைத்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள்.